ஆழமே ஆழத்தை மறைத்த இடம்: அனிஷ் கபூரின் குழியும் போர்ட்டோ விபத்தும்

2018 ஆகஸ்டில், போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் உள்ள செரால்வெஸ் சமகாலக் கலை அருங்காட்சியகத்தில், 60 வயதை ஒட்டிய இத்தாலியர் ஒருவர் ஒரு கலைப்படைப்புக்குள் விழுந்தார். சிற்பி அனிஷ் கபூர் செய்த அந்தப் படைப்பின் பெயர் 'டிசென்ட் இன்டு லிம்போ'. ஓர் அறை, அதன் தரையில் கரிய வட்டம், கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். அந்த வட்டம் தரையில் பூசிய சாயம் அல்ல, சுமார் 2.5 மீட்டர் ஆழமுள்ள உண்மையான குழி. விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நல்லவேளையாக அவர் சீக்கிரமே தேறி, ஊர் திரும்பும் நிலைக்கு வந்துவிட்டார். அந்த அறையைத் தற்காலிகமாக மூடினார்கள்.

செய்தி உலகம் முழுக்கப் பரவியது, பெரும்பாலும் சிரிப்புச் செய்தியாக. ஓவியம் என்று நினைத்துக் குழிக்குள் காலை விட்ட மனிதர் என்று ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஒரு மனிதர் அடிபட்டிருக்கிறார். அதுவும் போக, இன்னொரு முக்கியமான விஷயம் அந்தச் சிரிப்பில் காணாமல் போனது. வெளிச்சம் விழும் ஓர் அறையில், இரண்டரை மீட்டர் ஆழத்தை இரண்டு அடி தூரத்தில் நிற்பவரின் கண்ணுக்கே தெரியாமல் வைத்திருக்க முடிகிறது. அது எப்படி? ஒரு கலைஞர் ஏன் அப்படி ஒன்றைச் செய்ய வேண்டும்? செய்தபின் அதை எப்படிக் காட்சிக்கு வைக்க வேண்டும்? இந்த மூன்று கேள்விகளுக்காகத்தான் போர்ட்டோ நிகழ்வை இங்கே எடுத்துப் பார்க்கிறேன்.

அறை

அனிஷ் கபூர் இந்தப் படைப்பை முதலில் செய்தது 1992-இல், ஜெர்மனியின் காஸல் நகரில் நடந்த ஒன்பதாவது டாக்குமென்டா கண்காட்சிக்காக. நீளம், அகலம், உயரம் மூன்றும் 6 மீட்டர் கொண்ட கனசதுரக் கட்டடம். கான்கிரீட்டும் சுண்ணப் பூச்சும். உள்ளே போனால் வெற்று அறை, தரையின் நடுவில் வட்டம். வட்டத்துக்குள் குழி, குழியின் உட்புறம் முழுக்க அடர்ந்த நிறமித்தூள். தள்ளி நின்று பார்த்தால் யாரோ கறுப்பு விரிப்பை வட்டமாக வெட்டிப் போட்டதுபோல இருக்கும். கிட்டே போய்க் குனிந்தாலும் சந்தேகம் முழுசாகத் தீராது.

காஸலில் நடந்ததாகக் கபூர் பேட்டியில் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. நீண்ட வரிசையில் வெகுநேரம் காத்து நின்ற ஒருவர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, வெறும் கறுப்பு விரிப்பைக் காட்டவா இவ்வளவு நேரம் நிற்க வைத்தீர்கள் என்று கொதித்துப்போய், தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்த 'விரிப்பின்' மேல் வீசினாராம். கண்ணாடி உள்ளே போய்விட்டது. படைப்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். போர்ட்டோவில் நடந்ததும் இதன் தொடர்ச்சிதான். 26 வருடம் முன்னால் ஒரு மூக்குக்கண்ணாடி விழுந்தது, இந்த முறை ஆளே விழுந்தார்.

பெயர் இத்தாலிய ஓவியர் அந்த்ரேயா மான்தேன்யாவிடமிருந்து வந்தது. 1492 வாக்கில் அவர் வரைந்த ஓவியத்தில், பாறைக் குகையின் இருண்ட வாயருகே கிறிஸ்து நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். தமக்கு முன்னே இறந்துபோன நல்லவர்கள் காத்திருக்கும் இடத்துக்கு, நரகத்தின் விளிம்புக்கு, அவர்களை மீட்க இறங்குகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று ஓவியம் காட்டுவதில்லை. பார்ப்பவர் நிற்பது வெளியே, இறங்குபவருக்குப் பின்னால். கபூர் அந்த ஓவியத்தில் இருந்த மனிதர்களையெல்லாம் எடுத்துவிட்டார். மிச்சம் இருப்பது குகையின் வாய் மட்டும். அதன் முன்னால் முதுகு காட்டி நிற்கும் இடத்துக்கு இப்போது பார்வையாளர் வந்துவிடுகிறார்.

பொடி எப்படிக் கண்ணை ஏமாற்றுகிறது

ஒரு பொருள் எவ்வளவு ஆழம் என்பதைக் கண் நேரடியாக அளப்பதில்லை, தடயங்களை வைத்து ஊகிக்கிறது. வெளிச்சம் எந்தப் பக்கம் கூடி எந்தப் பக்கம் குறைகிறது, எங்கே பளபளப்பு தெரிகிறது, தூரம் போகப்போகப் பரப்பின் சொரசொரப்பு எப்படி நெருங்கித் தெரிகிறது, நாம் நகரும்போது எது வேகமாக நகர்கிறது, எது மெதுவாக. இதோடு இரண்டு கண்களும் தரும் இரண்டு பிம்பங்களை மூளை ஒப்பிட்டுப் பார்க்கிறது. அப்படி ஒப்பிட ஏதாவது ஒரு புள்ளி, ஒரு கீறல், ஒரு கறை வேண்டும். ஒன்றுமே இல்லாத பரப்பில் எதை எதோடு ஒப்பிடுவது?

சாதாரணக் கறுப்புப் பெயின்ட் இந்தத் தடயங்களை முழுசாக அழிக்காது. பெயின்டில் நிறமியைப் பிடித்து வைக்க ஒரு பசை இருக்கிறது. அது காய்ந்ததும் மேலே மெல்லிய படலமாகிறது. காற்றும் அந்தப் படலமும் சந்திக்கும் இடத்திலேயே விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கு திரும்பிவிடும். எவ்வளவு கறுப்பான பெயின்டாக இருந்தாலும் ஒரு கோணத்தில் பளிச்சென்று ஒரு கோடு தெரிவது அதனால்தான். அந்தக் கோடு ஒன்று போதும், அங்கே சுவர் இருக்கிறது, அது வளைந்து போகிறது என்று மூளை கண்டுபிடித்துவிடும்.

பசை இல்லாமலோ மிகக் குறைந்த பசையிலோ அப்பிய நிறமித்தூள் வேறு மாதிரி. துகள்களுக்கு இடையே காற்று இருக்கிறது. ஒளி அந்த இடுக்குகளில் புகுந்து, துகளுக்குத் துகள் மோதி, ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சப்படுகிறது. வெளியே வரும் மிச்சமும் எல்லாத் திசையிலும் சிதறிவிடுகிறது. பளபளப்பு என்பதே இல்லை.

இதற்கு அடுத்ததுதான் இந்த நிகழ்வின் உயிர் என்று நினைக்கிறேன். பொடி செய்வது பாதி வேலை. மீதிப் பாதியைச் செய்வது குழியேதான். குறுகிய வாயுள்ள ஆழமான குழிக்குள் போகும் ஒளி ஒரு சுவரில் பட்டு உடனே வெளியே வந்துவிட முடியாது. பெரும்பகுதி இன்னொரு சுவரிலும், அப்புறம் இன்னொன்றிலும் பட்டாக வேண்டும். கணக்குக்காக, அந்தப் பூச்சு 5 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை பட்டால் 5 சதவீதம் மிச்சம். இரண்டு முறை பட்டால் 0.25 சதவீதம். மூன்று முறை பட்டால் 0.0125 சதவீதம். சாதாரணக் கடையில் வாங்கும் கருமைகூட, குழியின் வடிவத்தோடு சேர்ந்தால், ஆய்வுக்கூடத்தில் செய்யும் கருமைக்குச் சமமாகிவிடுகிறது. குழி ஆழமாக இருப்பதால்தான் அது ஆழமாகத் தெரியாமல் போகிறது.

இன்னொன்றும் சேர்கிறது. வட்டத்துக்குள் தடயமே இல்லை, ஆனால் வட்டத்தின் விளிம்பு கூர்மையாக, தெளிவாகத் தெரிகிறது. அந்த விளிம்பு இருப்பது தரை மட்டத்தில். கிடைக்கும் ஒரே தகவல் தரை மட்டத்தைச் சொல்வதால், மூளை உள்ளே இருக்கும் வெறுமையையும் அதே மட்டத்தில் வைத்து நிரப்பிவிடுகிறது. விளிம்பின் உட்சுவர் ஒரு விரல் அகலம் தெரிந்தாலும் இந்த ஏற்பாடு கலைந்துவிடும். ஆகவே இதைக் கட்டுபவர்களின் உழைப்பெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

கபூர் இப்படிப்பட்ட குழிகளில் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தது கறுப்பை அல்ல, மிக அடர்ந்த நீலத்தை. கறுப்பு, பூசப்பட்ட பொருளாகத் தோன்றிவிடுகிறது. அடர்நீலம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்ணால் சொல்ல முடிவதில்லை.

பொடியிலிருந்து குழிக்கு

இந்தக் குழி திடீரென்று வந்துவிடவில்லை. கபூர் 1954-இல் பம்பாயில் பிறந்தவர். தந்தை பஞ்சாபி, இந்தியக் கடற்படையில் நீரளவையாளர், கடலடி ஆழத்தை அளந்து வரைபடமாக்கும் வேலை. தாய் பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மகன் டேராடூனில் டூன் பள்ளியில் படித்து, இஸ்ரேலில் சிறிது காலம் மின் பொறியியல் படித்துப் பாதியில் விட்டு, 1973-இல் லண்டன் போய் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். தந்தையின் தொழிலுக்கும் மகனின் கலைக்கும் முடிச்சுப் போட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கபூர் தன் வாழ்க்கைக் கதையை வைத்துத் தன் படைப்புகளை விளக்குவதை விரும்பாதவர், அதனால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

1979-இல் இந்தியா வந்துபோன பயணம் மட்டும் முக்கியமானது. கோயில் வாசல்களில் விற்பனைக்குக் குவித்து வைத்திருக்கும் குங்குமமும் மஞ்சளும் அவர் கண்ணில் நின்றன. லண்டன் திரும்பியதும் '1000 பெயர்கள்' என்ற வரிசையைத் தொடங்கினார். கூம்பு, குவிமாடம், மொட்டு மாதிரியான சின்னச்சின்ன உருவங்கள், மேலே சிவப்பு, மஞ்சள், நீல வண்ணப்பொடி. பொடி உருவத்தின் மேல் மட்டும் நிற்காமல் தரையிலும் ஒரு வளையமாகச் சிந்தியிருக்கும். அந்த வளையம்தான் எல்லாம். அதைப் பார்த்ததும் உருவம் தரையோடு முடியவில்லை, மிச்சம் தரைக்குக் கீழே இருக்கிறது என்று தோன்றிவிடும். அந்த முதல் வரிசையிலேயே, பரப்பில் தூவிய பொடி கீழே ஓர் ஆழத்தை உண்டாக்கிவிட்டது. மிச்சம் இருந்தது அந்த ஆழத்தைத் தோண்டுவது மட்டுமே.

80-களின் கடைசியில் தோண்டினார். 1989-இன் 'வாய்ட் ஃபீல்ட்' கரடுமுரடான மணற்கல் பாறைகள் பலவற்றை ஓர் அறையில் நிரப்பி வைத்தது. ஒவ்வொரு பாறையின் உச்சியிலும் ஒரு சின்னக் கரிய வட்டம். கல்லின் வெளிப்புறத்தில் உளியின் வெட்டு, சொரசொரப்பு, எடை எல்லாமே தெரிகிறது. அந்த வட்டத்துக்குள் எதுவும் தெரிவதில்லை. கல்லின் உள்ளே கல் இல்லை. 1990-இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் பிரிட்டன் அரங்குக்கு அவர் கொண்டுபோனது இதைத்தான். அடுத்த வருடம் பிரிட்டனின் கலை விருதான டர்னர் பரிசு. அதற்கடுத்த வருடம் காஸல். வரிசையாகப் பார்த்தால் ஒரே வேலை பெரிதாகிக்கொண்டே வருவது தெரியும். சின்ன உருவம், பெரிய பாறை, கடைசியில் பார்வையாளரே உள்ளே நடந்து போகும் அறை. முதல் இரண்டிலும் ஆழம் தவறாகத் தெரிந்தால் கண்ணுக்குத்தான் நஷ்டம், மூன்றாவதில் உடம்புக்கு.

பொருள் மாறியபோது

90-களுக்குப் பிறகு கபூர் பொடியிலிருந்து கண்ணாடிபோல் மெருகேற்றிய எஃகுக்கும், பி.வி.சி. திரைக்கும், மெழுகுக்கும், நீருக்கும் போனார். எல்லாவற்றையும் இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. போர்ட்டோ குழியைப் புரிந்துகொள்ள உதவும் இரண்டு மூன்றைப் பார்த்தால் போதும்.

சிகாகோவில் திறந்தவெளியில் நின்று வானத்தைப் பிரதிபலிக்கும் 'கிளவுட் கேட்' சிற்பம் பலருக்கும் தெரியும். 168 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள், 10 மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளம், சுமார் 100 டன். 2004-இல் முடிவதற்கு முன்பே திறந்து காட்டினார்கள், அப்புறம் மூடி வைத்து வெல்டிங் தழும்புகளைத் தேய்த்துத் தேய்த்து 2006-இல்தான் முடித்தார்கள். தழும்பு தெரிந்தால் என்ன, அவ்வளவு பெரிய சிற்பத்தில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். ஒரே ஒரு கோடு தெரிந்தாலும் அது எஃகுத் தகடு ஆகிவிடும். தெரியாதவரை அது வளைந்த வானம். பொடி ஒளியை விழுங்கித் தன் பரப்பை மறைத்தது, மெருகு ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பித் தன் பரப்பை மறைக்கிறது. வழி எதிர், வேலை ஒன்று. இரண்டுக்கும் பராமரிப்பு ஓயாது. கிளவுட் கேட்டின் கீழ்ப்பகுதியில், ஆட்கள் கை வைக்கும் 1.8 மீட்டர் உயரம் வரை, தினமும் இரண்டு முறை துடைக்கிறார்கள். விரல் ரேகை பட்டதும் பரப்பு கண்ணுக்குத் தெரிந்துவிடும் அல்லவா.

அவருடைய குழிந்த ஆடிகளில் இன்னொரு விஷயம் நடக்கிறது. ஆடியின் வளைவு மையத்துக்கு அப்பால், அதாவது போதிய தூரம் தள்ளி நிற்பவரின் பிம்பம் ஆடிக்குப் பின்னால் தெரியாமல், ஆடிக்கும் நமக்கும் நடுவே காற்றில் தலைகீழாக விழுகிறது. குழி நம்மை உள்ளே இழுக்கிறது. குழியாடி வெளியே வந்து நம்மைத் தொடுகிறது. ஆனால் இதில் யாரும் விழ முடியாது. தலை சுற்றலாம், அவ்வளவுதான்.

2002-இல் லண்டன் டேட் மாடர்னின் டர்பைன் ஹாலில் வைத்த 'மார்சியாஸ்' மூன்று எஃகு வளையங்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய அடர்சிவப்பு பி.வி.சி. திரை. சுமார் 155 மீட்டர் நீளமுள்ள கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். இதன் கட்டமைப்புக்குக் கபூரோடு கைகோத்தவர் இலங்கையில் பிறந்த பொறியாளர் செசில் பால்மண்ட். எங்கே நின்றாலும் முழுதாகப் பார்க்க முடியாதபடி அமைத்தது அந்தப் படைப்பின் பலம். மெழுகு வேலைகளில்தான் கபூர் முற்றிலும் வேறு பக்கம் திரும்பினார். 'ஸ்வயம்ப்' என்ற படைப்பில் டன் கணக்கான சிவப்பு மெழுகுப் பாளம் தண்டவாளத்தில் ஊர்ந்து, அருங்காட்சியக வாசல்களில் உரசி உரசித் தன் வடிவத்தைப் பெறுகிறது. இங்கே பரப்பு எதையும் மறைப்பதில்லை. என்ன நடந்தது என்பதெல்லாம் அதன் மேலேயே அப்பிக் கிடக்கிறது. எனக்கு மெழுகு வேலைகளில் அவ்வளவு மனம் ஒட்டவில்லை. அவை பிரமாண்டமானவை, உண்மைதான். ஆனால் பார்த்தவுடன் புரிந்துவிடுகின்றன, குழி புரிவதற்கு நேரம் எடுக்கிறது.

நீர் வேறு கதை. 2014-இல் கொச்சி-முசிரிஸ் பினாலேயில், ஆஸ்பின்வால் மாளிகையில் ஓர் அறையின் தரைக்குள் ஓயாமல் சுழலும் நீர்ச்சுழி ஒன்றை வைத்தார். 'டிசென்ஷன்' என்று பெயர். இதுவும் தரையில் ஒரு வட்டம், இதுவும் கீழே போகும் வழி. ஆனால் சுழி தன் ஆழத்தை மறைப்பதில்லை, சத்தம் போட்டுச் சொல்கிறது. நீரின் இரைச்சலும் தரையின் அதிர்வும் வந்தவர்களை எட்டி நிற்க வைத்துவிடும். 2017-இல் நியூயார்க்கின் புரூக்லின் பாலப் பூங்காவில் இதையே 26 அடி விட்டத்தில் திறந்த வெளியில் வைத்தபோது சுற்றிலும் கைப்பிடிக் கம்பி போட்டார்கள். கம்பி போட்டதால் படைப்பு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. காஸல் குழியைச் சுற்றிக் கம்பி போட்டால் அது செத்துவிடும், ஏனென்றால் கம்பியே பதிலைச் சொல்லிவிடும்.

யார் பொறுப்பு

போர்ட்டோவுக்கு வருவோம். அல்வாரோ சிசா வடிவமைத்த, 1999-இல் திறந்த நல்ல கட்டடம் அது. கபூரின் பெரிய கண்காட்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அறையில் எச்சரிக்கைப் பலகைகள் இருந்தன, காவலரும் இருந்தார். உள்ளே போகுமுன் ஆபத்தை அறிந்திருக்கிறேன் என்று பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கியதாகவும் செய்திகள் வந்தன. இவ்வளவும் இருந்தும் ஒருவர் விழுந்தார்.

அப்படியானால் தவறு விழுந்தவருடையது என்று பலர் முடித்துவிட்டார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று சொல்லித்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். ஆனால் அந்த எச்சரிக்கை, நின்று கவனித்தால் ஆழம் தெரியும் என்ற நம்பிக்கையில் பிறந்தது. இங்கே எவ்வளவு கவனித்தாலும் தெரியாதபடி கட்டியிருக்கிறார்கள். பலகை ஒருவரின் அறிவோடு பேசுகிறது. காலை நகர்த்துவது கண். படித்துவிட்டு உள்ளே வந்தவரிடம் கண் திரும்பத் திரும்ப 'இது தரைதான்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால், ஐந்து நிமிடத்தில் எது ஜெயிக்கும்? எச்சரித்தோம், கையெழுத்து வாங்கினோம் என்பது சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். கண்ணின் தீர்ப்பைக் கெடுப்பதற்கென்றே கட்டிய அறையில், கண்ணை நம்பிய ஒருவரைக் குறை சொல்வது நியாயமாகப் படவில்லை.

அதே நேரம், குழியை இரண்டு அடியாகக் குறைத்து மெத்தை போட்டிருக்கலாமே, வட்டமாகப் பெயின்ட் அடித்தே வைத்திருக்கலாமே என்று கேட்பவர்களிடமும் எனக்கு உடன்பாடு இல்லை. மேலே போட்ட கணக்கே அதற்குப் பதில். ஆழத்தைக் குறைத்தால் சுவர்களுக்கு இடையே ஒளி மோதும் தடவை குறையும், அடித்தரை மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். வெறும் பெயின்ட் என்றால் குனிந்து பார்த்த நொடியில் கதை முடிந்தது. குனிந்து பார்த்தபின்னும் கேள்வி மிஞ்சுவதற்கு, ஆழம் உண்மையிலேயே இருந்தாக வேண்டும்.

இதே கேள்வியைக் கபூர் வேறொரு இடத்தில் ஆபத்தில்லாமல் கேட்டிருக்கிறார். ஜப்பானின் கனசாவா நகரில் 2004-இல் திறந்த 21-ஆம் நூற்றாண்டு சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய ஓர் அறை நிரந்தரமாக இருக்கிறது. எதிரே சாய்ந்து எழும் கான்கிரீட் பரப்பு, அதில் பெரிய கரிய நீள்வட்டம். அது பள்ளமா, தட்டையா, வெளியே புடைத்திருக்கிறதா என்று சொல்வது கடினம். ஆனால் பரப்பு நமக்கு எதிரே உயர்ந்து போவதால் கால் தானாகவே நின்றுவிடும். நல்ல படைப்பு. இருந்தாலும் அங்கே நிற்பவர் பார்வையாளர் மட்டுமே. போர்ட்டோவிலும் காஸலிலும் நிற்பவருக்கு அவர் நிற்கும் தரையே சந்தேகமாகிறது. உடம்பு முழுக்க ஒரு கூச்சம் பரவும் அந்த அனுபவத்தைச் சாய்ந்த சுவர் தருவதில்லை.

வெனிஸ், 2022

2014-இல் சர்ரே நானோசிஸ்டம்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வான்டாபிளாக் என்ற பூச்சை அறிவித்தது. செங்குத்தாக நிற்கும் கார்பன் நுண்குழாய்களின் அடர்ந்த வரிசை, ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கோடி குழாய்கள். இடையில் புகும் ஒளியில் 99.965 சதவீதம் வரை வெளியே வராது. விண்வெளிக் கருவிகளில் தேவையில்லாத ஒளியை ஒழிக்கச் செய்தது இது. கலைக்கு இதைப் பயன்படுத்தும் உரிமை 2016-இல் கபூருக்கு மட்டுமே கிடைத்தது. ஒரு நிறத்தை ஒருவர் சொந்தமாக்கலாமா என்று பெரிய சண்டை நடந்தது. ஸ்டூவர்ட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் ஓவியர் ஓர் இளஞ்சிவப்புப் பொடியைத் தயாரித்து, கபூருக்கு மட்டும் விற்க மாட்டேன் என்று அறிவித்தார். அந்தச் சண்டையில் நான் செம்பிள் பக்கம். மற்றபடி அது இந்த ஆய்வுக்குத் தேவையில்லாத கிளைக்கதை.

தேவையானது, அந்தப் பூச்சு படைப்புகளாக வந்தபோது என்ன ஆனது என்பது. 2022-இல் வெனிஸ் அகாதெமியா அருங்காட்சியகத்தில் கபூர் வான்டாபிளாக் படைப்புகளை முதல்முறையாகக் காட்டினார். நேரே நின்றால் தட்டையான கறுப்பு வடிவம், பக்கவாட்டில் போனால் திடீரென்று முன்னே புடைத்து நிற்கும் உருவம். பிரமிப்பான விஷயம்தான். ஆனால் அந்தப் பூச்சு தொட்டாலே கெட்டுவிடும் என்பதால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டியிருந்தது. பெட்டியின் கண்ணாடியில் அறையின் விளக்கும் பார்வையாளரின் முகமும் தெரிகிறது. தன் பரப்பை முற்றிலும் அழித்துக்கொண்ட ஒரு பொருளின் முன்னால் இன்னொரு பரப்பு வந்து நின்றுவிட்டது.

1992-இல் வெறும் நிறமித்தூளும் ஒரு பள்ளமும் போதுமானதாக இருந்தன. 30 வருடம் கழித்து, அதைவிடப் பல மடங்கு கறுப்பான பூச்சு கைக்கு வந்தபோது அனுபவம் சுருங்கிப்போயிற்று. கருமையின் சதவீதத்தை ஏற்றுவதால் ஆழம் கூடுவதில்லை என்று இதிலிருந்து எனக்குத் தெளிவாகிறது. பார்ப்பவரின் உடம்புக்கும் அந்தப் பரப்புக்கும் நடுவே எதுவும் இல்லாமல் இருப்பதில்தான் குழியின் பலம் இருக்கிறது. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது, ஆகவே அதை அருங்காட்சியகம் ஏற்றெடுத்துக் கையாள வேண்டும், ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப் பார்வையாளரின் தலையில் கட்டக்கூடாது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? ஒருவர் அல்லது இருவரை மட்டுமே ஒரு நேரத்தில் உள்ளே விடலாம். பலகைக்குப் பதிலாக, கூடவே வரும் ஓர் ஆள் பேசிச் சொல்லலாம், எத்தனை பேர் வந்தாலும் ஒவ்வொருவரிடமும். அதற்கு மேலாக எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. மெட்ரோ நடைமேடையின் ஓரத்தில் பார்வையற்றவர்களுக்காகப் புடைப்புகள் வைத்த ஓடு பதித்திருப்பார்கள், கால் பட்டதுமே ஓரம் வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். குழியின் விளிம்பைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குத் தரையை அதே நிறத்தில், ஆனால் கொஞ்சம் சொரசொரப்பாகப் பூசிவிடலாம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கேள்வி கேள்வியாகவே இருக்கும். கால் மட்டும் உஷாராகிவிடும். கபூரும் அவருடைய பொறியாளர்களும் ஓர் எஃகுச் சிற்பத்தின் வெல்டிங் தழும்பை மறைக்க இரண்டு வருடம் உழைத்தவர்கள். ஒரு மீட்டர் தரையை இப்படி அமைப்பது அவர்களுக்குப் பெரிய காரியமாக இருக்காது.